பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எதை முதலில் மாற்றுவது? குர்லாவில் பிறந்த கார்களை முன்வைத்து

மும்பையில் குர்லா மேற்கில், எல்.பி.எஸ். மார்க்குக்கு அருகே பிரீமியர் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. டாட்ஜ், பிளைமவுத் கார்களைப் பூட்டுவதில் ஆரம்பித்து, ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி என்று வளர்ந்து, பிறகு ஃபியட்டின் கையில் யூனோ, சியெனா, பாலியோ வரை குர்லாவில் கார் செய்தார்கள். இன்று அந்தப் பக்கம் அடுக்குமாடிகள்தான். கார்கள் மட்டும் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

அவற்றில் ஒன்று 2001 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த பாலியோவின் 1.6 ஜி.டி.எக்ஸ். பதினாறு வால்வு எஞ்சின், ஏறத்தாழ 100 குதிரைத்திறன். மாருதி 800 ஓட்டிப் பழகிய தலைமுறைக்கு அது வேறு உலகம். சச்சின் டெண்டுல்கரின் பெயரைச் சார்ந்து எஸ்10 என்று ஒரு சிறப்புப் பதிப்பும் வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு இருக்கையும் திறந்த கூரையும் வேண்டும் என்று இலக்கணம் பேசுகிறவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அந்த இலக்கணத்துக்குப் பொருந்தி இந்தியாவில் தயாரானவை கோவாவின் சான் ஸ்டார்ம் போல மிகச் சிலவே. வேகத்துக்காகவே வாங்கி, வேகத்துக்காகவே இன்னும் வைத்திருக்கும் கார் என்று பார்த்தால் ஜி.டி.எக்ஸ் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

இப்படி ஒரு காரை இன்று ஒருவர் ஒரு லட்சத்துக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒர்க்‌ஷாப்பில் மேலே தூக்கிப் பார்த்து எழுதித் தரும் பட்டியல் இரண்டு லட்சத்தைத் தொடுகிறது: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், கிளட்ச், ஷாக் அப்சார்பர், புஷ், பால் ஜாயின்ட், பிரேக் ஹோஸ், எஞ்சின் மவுண்டிங், டிங்கரிங். எதுவும் இன்னும் உடையவில்லை, எல்லாமே உடையக்கூடும். எதைச் செய்வது, எந்த வரிசையில் செய்வது, எதைச் செய்யாமலே விடுவது?

இதற்கு ஒர்க்‌ஷாப் வட்டாரத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ‘ஓடுற வண்டியில கை வைக்காதே’ என்பது ஒன்று. ‘பிரிச்சதே பிரிச்சாச்சு, எல்லாத்தையும் மாத்திடு’ என்பது மற்றொன்று. முதல் கட்சியைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பக்கம் வலுவான சாட்சியம் இருக்கிறது. அது விமானத் துறையிலிருந்து வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் பணிபுரிந்த சி.எச். வாடிங்டன் (அடிப்படையில் உயிரியல் அறிஞர்) லிபரேட்டர் விமானங்களின் பழுதுக் கணக்கைப் பார்த்தார். ஐம்பது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை நடக்கும் முழுப் பரிசோதனைக்குப் பிறகு பழுதுகள் குறைந்திருக்க வேண்டும். மாறாக, பரிசோதனை முடிந்த கையோடு அவை ஏறின. பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக இருந்ததைப் பிரித்துப் பூட்டியதே பழுதைக் கொண்டுவந்தது. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை இன்னும் ஆழமாகப் போனது. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் வயது ஏற ஏறப் பழுது கூடுவது 11 சதவீதத்தில் மட்டும்தான் தெரிந்தது. 68 சதவீத உறுப்புகளில் புதிதாகப் பூட்டிய தொடக்கத்தில்தான் பழுது அதிகம். அதைத் தாண்டிவிட்டால் பிறகு ஒரே சீராகவே ஓடின.

ஆனால் இதைக் காட்டி மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அந்த 11 சதவீதத்தில் எந்த வகைப் பொருள்கள் இருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. டயர், பிரேக் போலத் தேய்வதற்கென்றே உள்ள எளிய பொருள்கள் அவை. கியர்பாக்ஸ், மின்னணுப் பெட்டி போன்ற பல பாகம் சேர்ந்த சிக்கலான அமைப்புகளுக்கு வயது ஒரு நல்ல அளவுகோல் அல்ல என்பதே அறிக்கையின் சாரம். பழைய காருக்கு இதைப் பொருத்தினால் பட்டியல் தானாகவே இரண்டாகப் பிரிகிறது. ரப்பரும் உராய்வுப் பொருளும் திரவங்களும் நிச்சயமாக முதுமை அடைபவை. அவற்றைக் காலண்டர் பார்த்து மாற்றலாம். மற்றவற்றைக் காது கொடுத்துக் கேட்டு, கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றலாம். தேதி வைத்து மாற்றுவதில் பயனில்லை.

இந்தப் பிரிவினைக்கு மேல் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்தப் பொருள் சாகுமுன் சத்தமோ கசிவோ நடுக்கமோ காட்டுமா? செத்தால் அதோடு முடியுமா, வேறு எதையாவது கூட இழுத்துக்கொண்டு போகுமா? கிளட்ச் வழுக்கத் தொடங்கி, ஆட்களை ஏற்றினால் மேட்டில் திணறி, வாரக்கணக்கில் சொல்லிவிட்டுத்தான் போகும். போனாலும் கிளட்சோடு முடிந்தது. ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசியும். எஞ்சின் மவுண்டிங் நடுங்கும். இவை எல்லாம் ‘முன்கூட்டி’ என்ற சொல்லுக்கே தகுதியில்லாதவை; சொல்லும்போது கேட்டால் போதும். பட்டியலில் பாதிப் பணம் இங்கேயே மிச்சமாகும்.

டைமிங் பெல்ட் இதற்கு நேர் எதிர். பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினில் செயின் இருந்தது. தேய்ந்தால் கடகடவென்று சத்தம் போடும். டாக்ஸிக்காரர் அடுத்த ஓய்வு நாளில் பார்த்துக்கொள்வார். பதினாறு வால்வு எஞ்சினில் ரப்பர் பெல்ட். அது அறுவதற்கு முன் எதுவும் சொல்வதில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் ஓடும், திறந்தபடி நின்ற வால்வின் மீது பிஸ்டன் மோதும். ஹெட்டை இறக்கி வால்வுகளை மாற்ற வேண்டும். சில நேரம் பிஸ்டனும் போயிருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கையும் சேர்த்தே பெல்ட்டுக்கு ஆயுள் சொல்வது இதனால்தான். ‘வண்டி ரொம்ப ஓடலை சார், வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான்’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பெல்ட்டைப் பொறுத்தவரை அது ஆறுதல் அல்ல. ரப்பர் நின்றுகொண்டே கெடும். கடைசியாக மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

பெல்ட்டை மட்டும் மாற்றுவதும் அரைகுறை வேலை. பல நேரம் அறுவது பெல்ட்டின் குற்றமாகவே இருக்காது. டென்ஷனரின் பேரிங் இறுகும், அல்லது அதே பெல்ட்டில் சுழலும் வாட்டர் பம்ப் இறுகும், அல்லது பக்கத்து ஆயில் சீல் கசிந்து ரப்பரை ஊறவைக்கும். நான்கையும் ஒரே கூலியில் முடிப்பதுதான் புத்தி. இந்த ஓர் இடத்தில் ‘பிரிச்சதே பிரிச்சாச்சு’ கட்சி ஜெயிக்கிறது.

வாடிங்டன் சொன்ன அபாயமும் இங்கேதான் இருக்கிறது. இரட்டை கேம் எஞ்சினில் ஒரு பல் தவறிப் பூட்டினால் எஞ்சின் உதறும்; சில பல் தவறினால் அறுந்ததற்குச் சமம். கேமை அசையாமல் பிடித்துவைக்கும் கருவி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கொடுங்கள். ‘ஒயிட்னர் போட்டு மார்க் பண்ணிக்குவோம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். பூட்டிய பிறகு சாவியைத் திருகுமுன், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்க்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

போர்ஷே வைத்திருப்பவர்களும் இதே கணக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது. 1990-களின் இறுதியில் வந்த பாக்ஸ்டர், 911 கார்களின் எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்று உண்டு. அது உடைந்தால் எஞ்சினே போகும். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் குழு வழக்கு நடந்து 2013-இல் சமரசமானது. பெரும்பாலான கார்களில் அது உடையவே இல்லை. ஆனால் அதை எட்ட கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும் நாளில் சேர்த்து முடித்துக்கொள்வது என்று உரிமையாளர்களிடையே ஒரு வழக்கம் உருவானது. நிகழ வாய்ப்பு குறைவு, நிகழ்ந்தால் சேதம் மிகப் பெரிது, செலவில் பெரும்பகுதி பிரிக்கும் கூலி. இந்த மூன்றும் சேரும்போது வேலையின் நேரத்தைத் தீர்மானிப்பது அந்தப் பாகத்தின் வயது அல்ல. பக்கத்துப் பாகம் எப்போது கழற்றப்படுகிறது என்பதுதான்.

அடுத்தது குளிரூட்டும் அமைப்பு. இது எச்சரிக்கும், ஆனால் எச்சரிக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். எல்.பி.எஸ். மார்க்கில் மே மாத மாலையில், ஏசி போட்டபடி, முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ரேடியேட்டர் ஃபேனின் ரிலே செத்தால் முள் ஏறுவதை ஓட்டுநர் கவனிக்க வேண்டும்; கவனித்தாலும் ஒதுங்க இடம் வேண்டும். அலுமினிய ஹெட் சூடேறி வளைந்துவிட்டால் கேஸ்கெட்டை மாற்றினாலும் உட்காராது; மட்டப்படுத்தியாக வேண்டும். ஆகவே ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் ரிலே ஆகியவற்றை ஒருமுறை முழுதாகப் புதுப்பித்துவிடலாம். எல்லாம் சேர்ந்தும் ஒரு ஹெட் வேலையின் செலவில் சிறு பங்குதான் ஆகும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் தையல் ஓரம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்ஸி நாட்களில் பழகிய, குழாய்த் தண்ணீரை ஊற்றும் வழக்கத்தை இந்த எஞ்சினில் விட்டுவிட வேண்டும். கூலண்டின் வேலை குளிர்விப்பது மட்டுமல்ல. உள்ளே அரிப்பைத் தடுப்பதும்தான்.

பிரேக் விஷயத்தில் விவாதமே இல்லை. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மும்பைக் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரி. லோனாவாலா மலையிறக்கத்தில் மிதித்துக்கொண்டே வரும் காருக்கு அந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய்தான். ரப்பர் பிரேக் ஹோஸ்கள் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்வது வெளியிலிருந்து தெரியாது; இருபது வயது ஹோஸைப் பார்த்து முடிவு செய்ய எதுவுமில்லை, மாற்றிவிடலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2312 என்றிருந்தால் 2012-இன் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் அந்த டயரைக் கழற்ற வேண்டும். நூறு குதிரைத்திறனை வைத்துக்கொண்டு பழைய டயரில் ஓடுவதைவிட 800-லேயே போகலாம்.

எரிபொருள் வழி இப்போது புதிதாகப் பட்டியலின் மேலே ஏறியிருக்கிறது. பாலியோ வடிவமைக்கப்பட்டபோது நம் பெட்ரோல் பங்க்குகளில் இன்றைய அளவு எத்தனால் இல்லை. 2025-க்குள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. அதற்கேற்ற பொருள்களோடு கார்கள் தயாரானதோ 2023 ஏப்ரலிலிருந்துதான். பழைய கார்களில் மைலேஜ் குறைவது ஒருபுறம் இருக்கட்டும். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று சொன்னது. எனக்குக் கவலை ஹோஸ்களும் சீல்களும்தான். பழைய ரப்பரை எத்தனால் மென்மையாக்கும், வெடிக்க வைக்கும். அழுத்தத்தில் ஓடும் இன்ஜெக்‌ஷன் காரில் அந்த வெடிப்பு சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. பெட்ரோல் வாசனை வந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடும் வேலை அல்ல இது.

இனி துரு. இங்கே குர்லா என்ற ஊரே ஒரு காரணியாகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மீட்டி ஆறு பெருகி குர்லாவும் கலினாவும் மூழ்கின. அன்று 2002 மாடல் பாலியோவுக்கு மூன்று வயது. நீரில் நின்ற கார்கள் காப்பீட்டில் கைமாறி, சுத்தம் செய்யப்பட்டு, வேறு ஊர்ப் பதிவெண்ணோடு இன்று நம் முன் நிற்கலாம். சீட் ரெயிலின் அடிப்பகுதி, கார்ப்பெட்டுக்குக் கீழே வயரிங் கட்டு, ஃபியூஸ் பெட்டியின் இணைப்பிகள் ஆகியவற்றைப் பார்த்தால் தெரியும். வண்டல் படிந்த கோடு, பச்சை பூத்த செம்பு. அப்படிப்பட்ட காரை வாங்கியே ஆக வேண்டுமென்றால் முதல் செலவு எஞ்சினுக்கு அல்ல. எர்த் இணைப்புகளுக்கும் வயரிங்குக்கும்தான். மின் கோளாறை வேறொன்றாக நினைத்து நல்ல சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றுவதில் கரையும் பணத்துக்குக் கணக்கே இருக்காது.

வெள்ளம் பார்க்காத மும்பைக் காருக்கும் கடல் காற்று உண்டு. சஸ்பென்ஷன் உடம்போடு சேரும் இடம், பேட்டரித் தட்டு, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள், சைடு சில். பெயிண்ட் குமிழ்வது அழகுப் பிரச்சினை என்று தள்ளிவைக்கலாம். சஸ்பென்ஷன் மேடையில் துரு என்றால் முடியாது. பழைய அடிப்பூச்சின் மேலேயே புதுப் பூச்சு அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது. கருப்பாகப் பளபளக்கும் அடிப்பாகத்தைக் கண்டு மயங்காமல் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். (ஃபைபர் உடம்பு கொண்ட சான் ஸ்டார்ம் வைத்திருப்பவர் இந்தப் பத்தியில் பாதியைத் தாண்டிவிடலாம், அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றிய மீதி அவருக்கும் பொருந்தும்.)

இதுவரை சொன்னது உலகில் எந்தப் பழைய காருக்கும் ஏறத்தாழ ஒன்றே. நம் கணக்கைத் தனியாக்குவது பாகம் கிடைப்பது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது ஃபியட் பெயரில் இந்தியாவில் புதுக் கார் விற்பனை இல்லாமல் போனது. தாய் நிறுவனம் போன கார் இது. போர்ஷேக்காரர் பாகத்தை விலை கொடுத்து வாங்கிவிடலாம். பாலியோக்காரர் முதலில் அது உலகில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தேடல் பெரும்பாலும் குர்லாவிலேயே வந்து நிற்கும். சி.எஸ்.டி. ரோட்டின் பங்கார் (பழைய இரும்பு) கடைகளில் கார்கள் கதவு கதவாக, டாஷ்போர்டு டாஷ்போர்டாகப் பிரிந்து தொங்குகின்றன. தமிழ்நாட்டிலிருந்து தேடி வருகிறவருக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் முதல் நிறுத்தம். அங்கே இல்லையென்றால் லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்கினால் சி.எஸ்.டி. ரோடு பக்கம்தான்.

இந்தச் சந்தை முன்கூட்டிய பழுதுபார்ப்பின் தர்க்கத்தைத் தலைகீழாக்குகிறது. புதிதாகக் கிடைப்பது பெயர் தெரியாத டூப்ளிகேட். காரில் இருப்பது இருபது ஆண்டு உழைத்த ஒரிஜினல். அப்போது ‘புதுசு போட்டுடலாம்’ என்பது முன்னெச்சரிக்கை அல்ல, சூதாட்டம். சத்தமில்லாத பழைய பால் ஜாயின்ட்டைக் கழற்றி முகவரியற்ற புதியதைப் பூட்டுவதைவிட, அதன் ரப்பர் உறையை மாற்றிக் கிரீஸ் அடைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது மேல். பெல்ட், பேரிங், சீல் மாதிரியானவற்றில் இந்தச் சிக்கல் குறைவு. அவை காரின் பெயரில் அல்லாமல் அளவின் பெயரில் உலகம் முழுக்க விற்பவை. பேரிங்கின் மேல் பொறித்த எண்ணைக் கொண்டு நல்ல நிறுவனத்தின் பேரிங்கையே வாங்கலாம்; ‘பாலியோ’ என்று கேட்டால்தான் கடைக்காரர் கையை விரிப்பார்.

‘ஒரு லட்ச ரூபாய் காருக்கு இரண்டு லட்சமா?’ என்ற கேள்விக்கு வருவோம். சந்தை விலையை அளவுகோலாக்குவது தவறு என்பது என் கட்சி. ஒப்பிட வேண்டியது, ஒரு வேலையின் செலவை அது தடுக்கும் சேதத்தோடு. எஞ்சின் போனால் இன்னொரு 1.6 தேடுவது ஃபியட்டின் பெட்ரா செடானின் சிதைவு ஏதாவது கிடைக்குமா என்று அலைவதில் முடியும். அந்த அளவில் பெல்ட்டும் கூலிங்கும் மலிவு. முழு பெயிண்டும் புது சீட் உறையும்தான் ஆடம்பரம். மேலே சொன்ன முறையில் சலித்தால் இரண்டு லட்சப் பட்டியலில் உடனடி வேலை என்று நிற்பது சிறு பகுதிதான்.

அதில் சட்டத்தின் காலண்டரையும் சேர்க்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். ஐம்பது ஆண்டு தாண்டினால் வின்டேஜ் என்று தனிப் பதிவு தர 2021-இல் விதி வந்தது. பாலியோ அதற்குப் பாதி வழியில்தான் நிற்கிறது. 2002-இல் பதிவான காருக்கு அடுத்த புதுப்பிப்பு 2027-இல். அதற்கு முந்தைய ஆண்டில் பிரேக்கும் அடிப்பாகத் துருவும் முடிந்திருக்க வேண்டும். கிளட்ச் வழுக்குவதாக இருந்தால்கூடப் புதுப்பிப்பு கைக்கு வந்த பிறகு பிரிக்கலாம்.

காலண்டரில் இன்னொரு தேதி ஜூன். துரு வேலையும் வயரிங்கும் வைப்பரும் மழைக்கு முன். கூலிங் வேலை மார்ச்சுக்கு முன். டிங்கரிங் கடைகளில் மே மாதக் கடைசியில் இடம் கிடைக்காது.

மிச்சமிருப்பது வாங்கிச் சேர்த்து வைக்கும் கேள்வி. சி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஜி.டி.எக்ஸ் பிரிக்கப்படுகிறது என்று தகவல் வந்தால் ஆசையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரத் தோன்றும். ஹெட்லைட், கண்ணாடிகள், கதவுப் பூட்டு, கிராங்க் சென்சார், மின்னணுப் பெட்டியும் அதோடு பொருந்திய சாவியும், கியர்பாக்ஸ், முடிந்தால் சிலிண்டர் ஹெட்: இவை அலமாரியில் கெடாதவை, நாளை கிடைக்காதவை. பெல்ட்டையும் ஹோஸையும் புஷ்ஷையும் அந்தக் காரிலிருந்து கழற்றி வர வேண்டாம். உறை பிரிக்காத பழைய ஸ்டாக் என்று கடைக்காரர் நீட்டினாலும், உறையின் மேல் அச்சிட்ட தேதியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.